நாலு சக்கரத்திலும் யாரும் இல்லை

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெடியாகோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலே சிமிட்டியது. பிறகு அசையாமல் நின்று எரிந்தது.

"எப்பவும் இப்படித்தானா சிஸ்டர்? சிமிட்டிட்டு நிக்குதா, இல்ல எடுத்த எடுப்புலயே நின்னு எரியுதா?"

வெளியே சிஸ்டர் ஒஃபோரிவா வாக்யே என்கிற பயறுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, இலையோடு கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எஜுராவில் சின்னதாக ஒரு பிரசவ விடுதி நடத்துகிறவள். அங்கிருந்து காலையிலேயே கிளம்பி குமாசிக்கு வந்து, சுவாமே மேகசினில் இந்தச் சந்துக்குள் இருக்கிற பட்டறையைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்பது மணி ஆகிவிட்டது. ஆயிரம் பட்டறை இருக்கிற இடத்தில் ஒரு பட்டறையைத் தேடுவது லேசில்லை.

"ரெண்டும் உண்டு மாஸ்டர்," என்றாள். "டிசம்பர்ல ஹர்மட்டான் வறட்டுக் காத்து ஆரம்பிச்சதுலேர்ந்து காலைக் குளிருக்கு நின்னு எரியும். வெயில் ஏறினா தானா அணைஞ்சிடும். இந்தக் கண்ணடிக்கிற வேலை மூணு நாளாத்தான். என் வயசுக்கு வேற யாரு கண்ணடிக்கப் போறா, வண்டியாவது அடிக்குதேன்னு விட்டிருப்பேன். ஆனா போன செவ்வாக்கிழமை நடந்ததுக்கு அப்புறம் பயமாயிடுச்சு."

பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து டார்கோ சிரித்தான். யார் பேசினாலும் ஒட்டுக் கேட்டுச் சிரிக்கிறவன் அவன். பெடியாகோவும் அவனும் பதினாறு வருஷமாக ஒரே தகரக் கூரையைப் பாதி பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டவர்கள்.

"நின்னு எரிஞ்சா டயர்ல காத்து கம்மின்னு அர்த்தம்," என்றான் பெடியாகோ. "சிமிட்டிட்டு நின்னா, காத்தைப் பாத்துச் சொல்ற சென்சாருக்கே சீக்குன்னு அர்த்தம். உங்க வண்டிக்கு ரெண்டு நோயும் இருக்கு. காத்து அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம? அடிச்சா அணையணும்தானே? முப்பத்தஞ்சு பவுண்டு அடிச்சேன், அப்பவும் எரிஞ்சுது. எங்க ஊர் பஞ்சர்காரன் கொஞ்சம் காத்தை இறக்கினான், அப்பவும் எரிஞ்சுது. மத்தியானம் யாரும் ஒண்ணும் பண்ணல, அணைஞ்சுது. என்ன பொறப்புடா இதுன்னு எனக்கு அலுத்துப் போச்சு."

பெடியாகோவுக்கு இந்த மாதிரி புதிர் பிடிக்கும். ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். திரையில் நாலு வரி வந்தது. மூன்றில் எண் இருந்தது, நாலாவது காலி. அங்கேதான் சிமிட்டலுக்குக் காரணம் இருந்தது; ஒரு சென்சாரின் பேட்டரி செத்திருக்கும், வண்டியோடு பிறந்த சாமான், எட்டு ஒன்பது வருஷத்துக்கு மேல் உழைக்காது. மிச்சம் மூன்று வரியைப் படித்தான். இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தெட்டு. சூடும் மூன்றிலும் ஒன்றே.

"டார்கோ, இந்த நாலு டயரையும் உன் மீட்டர் வெச்சு அளந்து சொல்லு."

டார்கோ ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து எழுந்தான். "முப்பத்து மூணு. முப்பத்து மூணு. முப்பத்தொண்ணு. பின்னாடி வலது பக்கம் புது டயரு, முப்பத்தஞ்சு. மாஸ்டர், உன் மிஷினு குடிச்சிருக்கா?"

பெடியாகோ திரையை மறுபடி பார்த்தான். நூறு கிலோமீட்டர் வெயிலில் ஓடி வந்த வண்டியில் எந்த இரண்டு டயரும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல். ஒன்றில் பாரம் அதிகம், ஒன்றில் கம்மி. மூன்று பேரைத் தனித்தனியாக விசாரித்து மூன்று பேரும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில் சொன்னால், போலீஸ்காரன் என்ன நினைப்பானோ அதையே அவனும் நினைத்தான்.

இடது முன்சக்கரத்தில் வால்வை அழுத்திப் பிடித்தான். உஸ்ஸென்று காற்று போனது. திரையில் இருபத்தெட்டு அப்படியே இருந்தது.

சென்சாரைத் தட்டி எழுப்பும் கருவி ஒன்று அவனிடம் இருந்தது, டிவி ரிமோட் அளவில். அதைச் சக்கரத்தின் வால்வுக்குப் பக்கத்தில் பிடித்துப் பொத்தானை அமுக்கினால், உள்ளே இருக்கிற சென்சார் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். இடது முன்சக்கரத்தில் பிடித்தான். பதில் இல்லை. வலது முன்சக்கரம், பதில் இல்லை. சுற்றி வந்து இடது பின்சக்கரத்துக்குக் குனியும்போதே சிஸ்டர் செவ்வாய்க்கிழமை கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"ரஹினாத்துன்னு ஒரு பொண்ணு மாஸ்டர். சோளக்காட்டுல வேலை செய்யறவ. புள்ள குறுக்க கிடக்கு, என்னால ஆகாது, குமாசி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும். பின் சீட்டுல படுக்க வெச்சுக்கிட்டு வரேன். மாம்போங் இறக்கம் வர்றதுக்கு ரெண்டு மைல் இருக்கு. 'நிறுத்துங்க, வண்டி இந்தப் பக்கம் உக்காருது'ன்னு கத்தறா. எனக்குக் கோவம். வலியில எல்லாரும் ஏதாவது கத்துவாங்க. டேஷ்போர்டப் பாக்கறேன், விளக்கு எரியல. 'ஒண்ணும் இல்லடி, விளக்கே எரியல பாரு'ன்னேன். அவ என் முடியைப் புடிச்சு இழுத்தா மாஸ்டர். இத்தனை வருஷத்துல என் முடியைப் புடிச்சவ யாரும் இல்ல. நிறுத்தினேன்."

பெடியாகோ குனிந்தபடியே இருந்தான். இடது பின்சக்கரத்திலும் பதில் இல்லை.

"வலது பின் டயர்ல ஆணி. காத்து பாதிக்கு மேல போயிருந்துச்சு. லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்தி ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தான். கழட்டின டயரைத் தட்டிப் பாத்துட்டு, 'அம்மா, இதோட நீங்க இறக்கத்துல இறங்கியிருந்தா வெடிச்சிருக்கும், நாளைக்கு ரேடியோவுலதான் உங்களைக் கேட்டிருப்போம்'னான். கடவுள் அன்னைக்குத் தூங்கல."

"புள்ள?" என்றான் பெடியாகோ.

"அறுத்துத்தான் எடுத்தாங்க. ஆனா ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. நேத்துதான் ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன். இதே வண்டியிலதான், பயந்துக்கிட்டே."

வலது பின்சக்கரம் மிச்சமிருந்தது. அங்கேயும் பிடித்துப் பார்த்தான், பார்க்க வேண்டும் என்பதற்காக. நாலு சக்கரத்திலும் யாரும் இல்லை. ஆனால் வண்டிக்குள்ளிருந்து மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டிக்கியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது.

டார்கோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பெடியாகோ டிக்கியைத் திறந்தான். விரிப்பைத் தூக்கினான், ஸ்டெப்னியைப் புரட்டினான். அதற்கு அடியில் இருந்த அட்டையைப் பெயர்த்தான். அங்கே, கம்பியால் கட்டி, முழங்கை நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. இரண்டு பக்கமும் மூடி. ஒரு மூடியின் நடுவில் சைக்கிள் வால்வு. கருவியைக் கிட்டே கொண்டுபோனதும், கூப்பிடக் காத்திருந்த மாதிரி, மூன்று எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மூன்று வருஷத்துக்கு முந்தைய வேலை அது. அமெரிக்காவிலிருந்து அடிபட்டு வந்த வண்டிகளைத் துறைமுகத்தில் எடுத்து, தட்டி நிமிர்த்தி விற்கிற ஒருவன் பெடியாகோவிடம் வந்தான். அந்த மஞ்சள் விளக்குதான் தனக்குச் சனியன் என்றான். விளக்கு எரிந்தால் வாங்க வருகிறவன் முகம் சுளிக்கிறான். சென்சாரைச் சக்கரத்துக்குள் மாட்டினாலோ, டயர் கழற்றுகிற ஒவ்வொரு பஞ்சர்காரனும் கடப்பாரையால் நெம்பி உடைத்துவிடுகிறான். என்னதான் வழி? பெடியாகோ இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயை அறுத்தான். நாலு சென்சாரையும் உள்ளே போட்டு, மூடி, முப்பத்து மூன்று பவுண்டு காற்று அடைத்தான். விளக்கு அணைந்தது. எந்தக் கடப்பாரையும் அதைத் தொட முடியாது. சந்துக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கைதட்டினார்கள், ஆளுக்கொரு மால்ட் சோடா பாட்டில் உடைத்தார்கள். ஒரு வாரம் அவன் நடையே மாறியிருந்தது. சக்கரத்திலிருந்து சென்சார்களைக் கழற்றிக் கொடுத்தது டார்கோ.

மொத்தம் மூன்று வண்டிக்கு அப்படிச் செய்தான். ஒன்று அடுத்த வருஷம் வேறு வேலைக்காக வந்தபோது சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பினான். அதற்கு அப்புறம் ஒருநாள் டெச்சிமான் சாலையில் ஒரு காரின் டயர் வெடித்து, வண்டி மரத்தில் மோதியதாகப் பேசிக்கொண்டார்கள். வண்டி என்ன நிறம் என்று அவன் கேட்கவில்லை. அன்றோடு குழாய் வேலையை விட்டான். யார் கூப்பிட்டும் செய்யவில்லை. ஆனால் இன்றுவரை அந்த நிறத்தையும் அவன் யாரிடமும் கேட்டதில்லை.

குழாயில் காற்று மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. ஹர்மட்டான் குளிரில் அது இன்னும் சுருங்க, காலையில் விளக்கு எரிந்திருக்கிறது. வெயிலில் டிக்கி சூடாக, அணைந்திருக்கிறது. இந்தப் பெண்பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து டயருக்குக் காற்று அடித்திருக்கிறாள்.

டார்கோ பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் பேசினான். "சும்மா எடுத்து உள்ள போடு. சென்சாரை நான் சக்கரத்துல மாட்டித் தரேன். விளக்கு சரியாயிடும், அந்தம்மா கும்புட்டுட்டுப் போகும். குழாய்ல உன் பேரா எழுதியிருக்கு?"

"எழுதல."

"அப்புறம் என்ன? ஏன்டா மொகத்த இப்படி வெச்சிருக்க, செத்த வீட்டுக்குப் போனவனாட்டம்?"

சிஸ்டர் ஒஃபோரிவா இலையோடு டிக்கிப் பக்கம் வந்துவிட்டாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா? அது என்ன, தண்ணிக் குழாயா? என் வண்டியில தண்ணிக் குழாய் எதுக்கு?"

"அது வந்து சிஸ்டர்," என்று டார்கோ முந்திக்கொண்டான். "உங்க சென்சாரையெல்லாம் சக்கரத்துல மாட்டாம இதுக்குள்ள போட்டு அடைச்சிருக்கான். குழாய்ல காத்து இருந்தா டயர்ல காத்து இருக்குன்னு வண்டி நம்பிக்கும். யாரோ ஒரு மடையன் பண்ணின..."

"நான்தான்," என்றான் பெடியாகோ.

டார்கோ கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான் சிஸ்டர் பண்ணினேன். விக்கிறவன் கேட்டான், செஞ்சு கொடுத்தேன். கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன். செவ்வாக்கிழமை உங்ககிட்ட பொய் சொன்னது விளக்கு இல்ல, நான்."

ஒஃபோரிவா இலையை மெதுவாக மடித்துப் பக்கத்து எண்ணெய் டின்மேல் வைத்தாள். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வாழ்க்கை முழுக்கப் பெண்களைச் சத்தம் போட்டு முக்கச் சொல்கிறவள். இப்போது அவள் சத்தம் போடாதது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் அந்தப் பொண்ணுகிட்ட, 'விளக்கே எரியல பாரு'ன்னு சொன்னேன்," என்றாள்.

"ஆமா சிஸ்டர்."

"அவ என் முடியைப் புடிக்கலேன்னா இறக்கத்துல இறங்கியிருப்பேன்."

"ஆமா."

"நான் பிரசவ அறையில தப்புப் பண்ணினா, அதை மறைக்க எனக்கு டிக்கி கிடையாது மாஸ்டர். எல்லார் கண்ணு முன்னாடியும் நிக்கணும். எத்தனை வண்டிக்குச் செஞ்ச?" மரியாதை போய்விட்டிருந்தது.

"மூணு. ஒண்ணை நானே சரி பண்ணிட்டேன். இது ரெண்டாவது."

"மூணாவது?"

"தெரியல."

"தெரியலையா, தெரிஞ்சுக்கலையா?"

அதுதான் சரியான கேள்வி. மூன்று வருஷமாக அவனைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை, அவனும் சத்தமாகக் கேட்டதில்லை.

"சரி," என்றாள். "ரெண்டு மணிக்கு நான் கிளம்பணும். வேலையை முடி. திட்டறதுக்கு எனக்கு வழியெல்லாம் நேரம் இருக்கு." ஒரு மர முக்காலியை இழுத்து, சக்கரத்துக்கு நேர் எதிரே போட்டு, பரீட்சை அறையில் கண்காணிப்பவள் மாதிரி உட்கார்ந்தாள்.

டார்கோ நாலு சக்கரத்தையும் கழற்றினான். அன்றைக்குக் கடப்பாரையைத் தொடவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல, டயர் ஓரத்தைக் கையாலேயே தள்ளித் தள்ளி விலக்கினான். "பாருங்க சிஸ்டர், எப்படிப் பக்குவமா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மூன்று சென்சார் உயிரோடு இருந்தன. நாலாவதற்கு உடைசல் வண்டிச் சந்துக்கு ஓடினான் பெடியாகோ. முதலில் கிடைத்தது அச்சு அசலாக அதே மாதிரி இருந்தது, மாட்டியும் பார்த்தான். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டியிலிருந்து கழற்றியது அது. அமெரிக்க வண்டிக்கு அதன் அலைவரிசை காதில் விழாது. மறுபடி ஓடினான். இந்த முறை வாங்குவதற்கு முன்பே கருவியை வைத்துப் பேசவிட்டுப் பார்த்தான். திரும்பி வந்து மாட்டி, நாலு எண்ணையும் வண்டிக்குள் ஏற்றி முடித்தபோது மணி ஒன்றரை.

"இனிமே காலையில எல்லாம் ஒழுங்கா இருக்குமா?" என்றாள்.

"பாத்துட்டே போங்க." வலது பின்சக்கரத்தில் இருபது பவுண்டுக்குக் காற்றை இறக்கினான். அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சந்து தாண்டி, மர அறுவை மில்லைத் தாண்டி, ஆட்டு மந்தைக்காக நின்று, மெதுவாகப் போனார்கள். விளக்கு இருட்டாகவே இருந்தது. அவன் ஸ்கேனரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். ரவுண்டானா திரும்பும்போது விளக்கு எரிந்தது. சிமிட்டவில்லை. நின்று எரிந்தது. திரையில் முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்திரண்டு, இருபது.

"எரியுது சிஸ்டர்! எரியுது, பாருங்க!" பெடியாகோ இருக்கையில் துள்ளினான்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ஊர்ல எல்லாரும் அணைஞ்சா சந்தோஷப்படுவாங்க, இவன் எரிஞ்சா குதிக்கறான்." அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று அவன் உறுதியாகச் சொல்லமாட்டான்.

பட்டறைக்குத் திரும்பிக் காற்றை நிரப்பிக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை. அவளும் கொடுக்க வரவில்லை. நன்றி என்ற வார்த்தை சொல்லாமலே கிளம்பிப் போனாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உனக்கு நல்லது செய்தால் அப்போது நன்றி சொன்னால் போதாது. மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலுக்குப் போய் இன்னொரு முறை சொல்ல வேண்டும். அப்போதுதான் அது நன்றி.

மறுநாள் ஞாயிறு. பெடியாகோ முதல் ட்ரோட்ரோ ஷேர் வேனைப் பிடித்து, முழங்கால் முன்சீட்டில் இடிக்க, எஜுரா போய் இறங்கினான். கையில் ஒரு பெரிய ரொட்டி, ஒரு டின் பால், குழந்தைச் சோப்பு இரண்டு. பிரசவ விடுதி வாசலில் சிஸ்டர் ஒஃபோரிவா துடைப்பத்தோடு நின்றாள்.

"என்ன, இங்க வேற யார் வண்டியிலயாவது குழாய் வெச்சிருக்கியா?"

"நன்றி சொல்ல வந்தேன் சிஸ்டர்."

"வழக்கப்படி பாத்தா நான்தான் உன் வாசலுக்கு வரணும். வண்டியை நீதான சரி பண்ணின?"

"நீங்க அதைக் கொண்டு வந்தீங்க. குமாசியில இத்தனை பட்டறை இருக்கு. வேற எவன்கிட்டயாவது போயிருந்தா விளக்கோட ஒயரை அறுத்து அனுப்பியிருப்பான். என்கிட்ட வந்துச்சு. எல்லாரும் உயிரோட இருக்கும்போதே வந்துச்சு."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அப்புறம், மூணாவது வண்டி," என்றான். "நேத்து சாயங்காலமே அந்த வியாபாரியைப் புடிச்சு உக்காந்தேன், நம்பர் வாங்கினேன். சுன்யானியில ஒரு வாத்தியார். போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினாரு சிஸ்டர். எங்கம்மாவைத் திட்டினாரு, எங்கப்பாவைத் திட்டினாரு, எனக்குத் தொழில் கத்துக் கொடுத்தவரைத் திட்டினாரு. நான் போனைக் காதுலேர்ந்து எடுக்கவே இல்ல. உயிரோட இருந்து திட்டறாரேன்னு..." ரொட்டியைக் கை மாற்றிப் பிடித்தான். "திங்கக்கிழமை வண்டியைக் கொண்டு வராரு."

ஒஃபோரிவா அவன் கையிலிருந்த குழந்தைச் சோப்பைப் பார்த்தாள். பிறகு, "வாங்க மாஸ்டர்," என்று முன்னால் நடந்தாள்.

ரஹினாத்துவின் வீட்டு முற்றத்தில் சோளம் காயப்போட்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். குழந்தை மடியில். இன்னும் பேர் வைக்கவில்லை; எட்டாம் நாள்தான் வைப்பார்கள், அதற்கு இரண்டு நாள் இருந்தது. பெடியாகோ தரையில் குந்தி உட்கார்ந்து, ரொட்டியையும் பாலையும் சோப்பையும் அவள் முன்னால் வைத்தான். தான் யார், தன் குழாய் என்ன செய்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். கடைசியில், "நீ வண்டியை நிறுத்த வெச்சதுக்கு நன்றி," என்றான்.

ரஹினாத்து சிஸ்டரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. டயரு எனக்கு நேர் கீழ இருந்துச்சு. ஒவ்வொரு குதிப்புக்கும் இடுப்பு ரெண்டா ஒடிஞ்சுது. வலியில கத்தினேன், அவ்வளவுதான்."

"முடியைப் புடிச்சு இழுத்தியே, அதைச் சொல்லு," என்றாள் ஒஃபோரிவா.

"அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன்ல சிஸ்டர்!"

"நீ கேட்டது போதாது. நாளைக்குக் காலையில வந்து இன்னொரு தரம் கேக்கணும்."

ரஹினாத்து சிரிக்கப் போய், தையல் இழுத்து, "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பெடியாகோவைப் பார்த்துக் கேட்டாள்: "புள்ளையத் தூக்கறீங்களாண்ணே?"

அவன் கையை நீட்டிவிட்டான்.

"இருங்க, இருங்க. அந்தக் கையோடவா?" சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை வருஷத்து கிரீஸோ இருக்கு இதுல. அங்க வாளி இருக்கு, போங்க."

தான் கொண்டு வந்த சோப்பிலேயே ஒன்றைப் பிரித்து, முற்றத்து ஓரத்தில் குனிந்து அவன் கை கழுவினான். காட்டினான். அவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மறுபடி கழுவினான்.

"நகக்கண்ணுல இன்னும் இருக்கு," என்றாள்.

மூன்றாவது தடவையாகச் சோப்பைக் குழைத்தான். பின்னால் குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. நல்ல கட்டையான சத்தம், தெருவுக்கே கேட்கும். அவன் அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தான்.